காத்தால நடக்கற காலு பொழுதோட ஏன் மக்கர் பண்ணுது?

திருப்பூர் பக்கத்துல இருந்து ஒரு அம்மிணி எழுதியிருக்காங்க. பேரு, ஊரு, கம்பெனி எதையும் போட வேண்டாம்னு கேட்டாங்க, போடல. வயசு 36, பனியன் கம்பெனில செக்கிங் வேலை, ரெண்டு பசங்க பள்ளிக்கூடம் போறாங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி இடது கண்ணு ஒரு வாரத்துல மங்கிப் போச்சாம், கண்ணைத் திருப்பினா வலியாம், அது சரியாகி ஒரு வருஷம் கழிச்சு இடுப்புக்குக் கீழ மரத்துப் போனப்பத்தான் எம்.ஆர்.ஐ. எடுத்து எம்.எஸ்.னு சொல்லியிருக்காங்க. மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ், நம்ம அரசாங்கக் காயிதத்துல தண்டுவட மரப்பு நோய்னு போட்டிருக்குமே அதேதான். அப்ப இருந்து டைமெத்தில் ஃப்யூமரேட் மாத்திரை ரெண்டு வேளை, காலு வெறைப்புக்கு பேக்லோஃபென்.

பிரச்சினை இதுதான். காத்தால 5 மணிக்கு எந்திரிச்சு வாசல் தெளிச்சு கோலம் போட்டு சோறாக்கி பசங்கள அனுப்பிட்டு ஸ்கூட்டில கம்பெனிக்குப் போற வரைக்கும் ஒன்னுமே தெரியறதில்ல. மத்தியானச் சோத்துக்கு அப்புறம் வலது காலு கொஞ்சம் கொஞ்சமா கனக்க ஆரம்பிக்குது, 4 மணிக்கு மேல செருப்பு தானா கழண்டு பின்னாடி கெடக்குது, பொழுதோட ஊட்டுக்கு வந்தா வாசப்படி ஏற சுவத்தைப் புடிக்க வேண்டியிருக்குது. மக்கா நாள் காத்தால பாத்தா மறுபடி பழையபடி. ஒரு வாரம் நல்லா இருக்குது, அப்புறம் மூணு நாள் எந்திரிக்கவே முடியறதில்ல. மாமியார் சொன்னத அப்படியே எழுதியிருக்காங்க: "காத்தால கோலம் போட மட்டும் காலு வருதாமா, பொழுதோட சோறாக்க வராதாமா." ஊட்டுக்காரர் ஒன்னும் சொல்றதில்லையாம், அந்தப் பேசாத மூஞ்சியத்தான் தாங்க முடியலைன்னு எழுதியிருக்காங்க.

மோசமான நாள் வந்தாலே அட்டாக் வந்துருச்சுன்னு பயந்து ஒரு வருஷத்துல மூணு தடவ பக்கத்து கிளினிக்ல ஸ்டீராய்டு ட்ரிப் போட்டிருக்காங்க. நல்லா இருக்கற நாள்ல மாத்திரைய மிச்சம் புடிச்சிருக்காங்க. போன வருஷம் ஆனி மாசம் ஒரு லேகியம் சாப்பிட்டு ரெண்டு மூணு மாசம் நல்லா இருந்துச்சாம், அத மறுபடி ஆரம்பிக்கலாமான்னு கேக்கறாங்க. நோய் முத்திப் போச்சா, வேலைய உட்டுறலாமா, வர்ற வைகாசில தம்பி கல்யாணத்துல, கொங்கு மொறைல மாப்பிள்ளையோட கூடப் பொறந்தவ நின்னு செய்யற இணைச்சீரைச் செய்ய முடியுமா, இதெல்லாம் கேள்வி. கூடவே பால் கணக்கு எழுதற காலண்டர்ல ரெண்டு மாசத்துக்கு நல்ல நாளுக்கு வட்டம், மோசமான நாளுக்குப் பெருக்கல் குறி போட்டு போட்டோ அனுப்பியிருக்காங்க. கடைசி வரி: "நான் நடிக்கறனான்னு எனக்கே சந்தேகமா இருக்குதுங்க டாக்டர்."

அம்மிணி, கடைசி வரிக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். நீங்க நடிக்கல. நடிக்கறவங்களுக்கு செருப்பு கழண்டு உழுகாதுங்க. உங்க வலது செருப்பைத் திருப்பிப் பாருங்க, முன்னாடி நுனி இடது செருப்பைவிட நெம்ப தேஞ்சிருக்கும், நான் பந்தயம் கட்டுவேன். பாதத்தைத் தூக்கற தசைக்கு சாயங்காலம் நரம்புல இருந்து உத்தரவு சரியா வந்து சேரறதில்ல, பாதம் தொங்குது, நுனி தரையில தேயுது. என்கிட்ட வர்றவங்கள்ல எத்தனையோ பேருக்கு ஸ்கேன் பாக்கறதுக்கு முன்னாடி செருப்பைத்தான் நான் பாக்கறது. இந்தச் செருப்பை மாமியார்கிட்டயும் ஊட்டுக்காரர்கிட்டயும் காட்டுங்க, ரிப்போர்ட்டைக் காட்டறதைவிட அது நல்லாப் பேசும்.

ஒரே நாள்ல இத்தனை ஏத்த இறக்கம் எப்படி?

நம்மூர்ல தோட்டத்துக் கெணறு தெரியும்தானுங்க. ராத்திரியெல்லாம் ஊத்து ஊறி காத்தால தண்ணி ஏறி நிக்கும், மோட்டாரைப் போட்டா குழாய் நெறைய ஊத்தும், ஒரு மணி நேரம் போனா பைப்பு மூச்சு வாங்கும், அப்ப நிறுத்திட்டு ஊற உட்டு மறுபடி போட்டா மறுபடி ஊத்தும், நிறுத்தாம ஓட்டினா காயில் கருகும். காத்தால முழுசா ஊத்துச்சேன்னு சாயங்காலம் கெணத்தை யாராச்சும் பொய்க்காரன்னு சொல்லுவாங்களா.

உள்ள நடக்கறது என்னன்னா, நரம்பு மேல மயலின்னு ஒரு உறை இருக்குது, வயருக்கு மேல ரப்பர் மாதிரி. எம்.எஸ்.ல நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே அந்த உறையக் கடிச்சு வெக்குது. அப்புறம் கொஞ்சம் ஆறும், ஆனா பழைய தரத்துக்கு வராது. அப்படி ஆறின நரம்புல சிக்னல் போகும், ஆனா மயிரிழையிலதான் போகும், லோ வோல்டேஜ்ல மோட்டார் ஓடற மாதிரி. திரும்பத் திரும்ப அதே நரம்பு வழியா சிக்னல் அனுப்பினா, அதாவது நடந்துட்டே இருந்தா, ஒரு கட்டத்துல பாதி சிக்னல் வழியிலயே நின்னுரும். தசையில பெரிசா கோளாறு இல்ல, தசைக்கு வர்ற லைன்லதான் கோளாறு. உக்காந்து கொஞ்ச நேரம் போனா மறுபடி போகும். அதனாலதான் முதல் நூறு அடி நல்லா நடந்துட்டு முன்னூறாவது அடில காலு இழுக்குது.

ரெண்டாவது, சூடு. உடம்பு சூடு அரை டிகிரி ஏறினாலே உறை போன நரம்புல சிக்னல் நின்னு போகலாம். ஊத்தாஃப்னு ஜெர்மனில ஒரு கண் டாக்டர் 1890லயே இத எழுதி வெச்சாரு, நடந்துட்டு வந்தா இவங்களுக்குக் கண்ணு மங்குது, ஓய்வெடுத்தா தெளியுதுன்னு. எம்.ஆர்.ஐ. வர்றதுக்கு முன்னாடி சுடுதண்ணித் தொட்டில உக்கார வெச்சு கை காலு தளருதான்னு பாத்து இந்த நோயக் கண்டுபுடிக்கற வழக்கமே இருந்துச்சு. யோசிச்சுப் பாருங்க, அவங்க பரிட்சையா வெச்சத நீங்க சனிக்கிழமை சனிக்கிழமை எண்ணெ தேச்சு பொடக்காணில அண்டா நெறைய சுடுதண்ணி ஊத்திக் குளிச்சு உங்களுக்கே நடத்திக்கறீங்க, காலண்டர்ல பாதிச் சனிக்கிழமை பெருக்கல் குறி.

காய்ச்சலே இல்லாட்டியும் எல்லாருக்கும் உடம்பு சூடு வெடியக்காலம் 4, 5 மணிக்கு ரொம்பக் கீழயும் சாயங்காலம் உச்சத்துலயும் இருக்கும், ரெண்டுக்கும் நடுவுல அரை டிகிரில இருந்து ஒரு டிகிரி வரைக்கும் வித்தியாசம் வரும். உங்க மாமியாருக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான், எங்களுக்கு உறை இருக்கறதால தெரியறதில்ல. உங்களுக்குக் காத்தால கோலம் போடறப்ப உடம்பு குளிர்ந்து இருக்குது, ராத்திரி ஊறின தண்ணி இருக்குது. பொழுதோட ரெண்டுமே இல்ல. மாமியார் பாத்தது பொய் இல்ல, பாத்ததுக்குச் சொன்ன காரணம்தான் தப்பு.

இதோட எம்.எஸ்.க்கே உரிய இன்னொரு சோர்வும் இருக்குது, ஒன்னும் செய்யாமயே ஈரச்சாக்கு போத்தின மாதிரி உடம்பு பூரா அமுத்தறது. காலு கனக்கறது வேற, இது வேற. எம்.எஸ். இருக்கறவங்கள்ல முக்கால்வாசிப் பேராச்சும் சோர்வுன்னுதான் சொல்லுவாங்க, அதுல எத எதுன்னு பிரிச்சுச் சொல்ல டாக்டருக்கு நீங்கதான் உதவோணும்.

உங்க காலண்டரை நான் படிச்ச விதம்

இதுக்கு மட்டும் ஒரு ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்தேனுங்க, நெம்ப நல்லா எழுதியிருக்கீங்க. ரெண்டு மாசத்துல 19 பெருக்கல் குறி. ஓரத்துல நீங்களே உங்க வசதிக்கு "த"ன்னு சில தேதில எழுதியிருந்தீங்க, முதல்ல எனக்குப் புரியல, அப்புறம் கடுதாசில தேடினா தண்ணி விடற நாளுன்னு ஒரு எடத்துல இருக்குது. எட்டு நாளைக்கு ஒருக்கா நல்ல தண்ணி, அதுவும் ராத்திரி 12க்கு மேல, நீங்க முழிச்சிருந்து ட்ரம்மு, குடம், சின்டெக்ஸ் எல்லாம் ரொப்பிட்டுப் படுக்கறீங்க. ரெண்டு மாசத்துல 7 "த". அதுல 6 தடவ மக்கா நாள் பெருக்கல் குறி. இது எம்.ஆர்.ஐ.ல தெரியுமா சொல்லுங்க. தூக்கம் கெட்டு, குடம் தூக்கி, மறுபடி 5 மணிக்கு எந்திரிச்சா கெணத்துல ஊத்து ஊற நேரமே இல்ல.

இன்னொரு 5 பெருக்கல் ஷிப்மென்ட் நேரத்துல ஒன்னரை ஷிப்ட் பாத்த நாளுங்க. இன்னும் 4 பெருக்கல், மாதவிலக்குக்கு முன்னாடி ரெண்டு மூணு நாளுக்குள்ள வருது, அந்த நாளுங்கள்ல எல்லாப் பொம்பளைங்களுக்கும் உடம்பு சூடு லேசா ஏறும், எம்.எஸ். இருக்கற சில பேருக்கு அது நல்லாவே தெரியும். மிச்சம் 4 நாளைக்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியல. அப்படியும் சில நாளு வரும், காரணம் தேடித் தேடி உங்களையே குத்தம் சொல்லிக்காதீங்க.

ஆக 19ல 15க்கு ஒரு முகாந்திரம் இருக்குது. நோய் முத்திட்டே போகுதுன்னா மாசா மாசம் நல்ல நாளோட தரமே கீழ எறங்கியிருக்கும். உங்களுக்கு நல்ல நாளு இன்னும் அதே நல்ல நாளாத்தான் இருக்குது, காத்தால நடை அப்படியே இருக்குது. இத வெச்சு மட்டும் முத்தலைன்னு நான் கையெழுத்துப் போட முடியாது, உங்க நரம்பு டாக்டர் நேர்ல பாத்து நடக்க வெச்சு, தேவைப்பட்டா எம்.ஆர்.ஐ. எடுத்துச் சொல்லோணும். ஒரு வேண்டுகோள், அப்பாயின்ட்மென்ட்டைக் காத்தால 9 மணிக்கு வாங்காதீங்க, மத்தியானம் 3 மணிக்கு மேல வாங்குங்க, ஆறு நிமிஷம் நடக்க வெச்சுப் பாக்கச் சொல்லுங்க. காத்தால போனா எந்த டாக்டரும் நல்லாத்தானே இருக்கீங்கன்னு அனுப்பிடுவாங்க, நானும் அப்படி அனுப்பியிருக்கேன், பழைய கதை.

இது புது அட்டாக்கா, இல்லையா?

புது அட்டாக்குன்னா புதுசா ஒரு குறையோ, பழைய குறை நல்லாவே மோசமாகறதோ 24 மணி நேரத்துக்கு மேல விடாம இருக்கோணும், காய்ச்சல், இன்ஃபெக்‌ஷன் எதுவும் இருக்கக் கூடாது. பெரும்பாலும் அது சில நாள்ல ஏறி வாரக்கணக்குல நிக்கும். பொழுதோட வந்து வெடிஞ்சா போயிடறது அட்டாக் இல்லீங்க. மூணு நாள் படுக்கை எப்படின்னு கேப்பீங்க. அங்கதான் நான் உங்ககிட்ட ஒரு கேள்வி கேக்கோணும், அந்த நாளுங்கள்ல ஒன்னுக்குப் போறப்ப எரிச்சல் இருந்துச்சா? கம்பெனில டாய்லெட் போக கூச்சப்பட்டு, அவசரமா வந்துரும்னு பயந்து தண்ணியே குடிக்கறதில்லைன்னு போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க. எனக்கு உங்க கடுதாசிலயே பெரிய வரி அதுதான். சிறுநீர்ல கிருமி வந்தா காய்ச்சல் வெளிய தெரியறதுக்கு முன்னாடியே காலு உழுந்துரும், பாக்க அசல் அட்டாக் மாதிரியே இருக்கும். அதுக்கு யூரின் டெஸ்ட்டும் ஆன்டிபயாட்டிக்கும் வேணும், ஸ்டீராய்டு இல்ல. கிருமி இருக்கறப்ப ஸ்டீராய்டு போட்டா நெலமை இன்னும் மோசமாகலாம்.

அந்த மூணு ட்ரிப் பத்தி. மெத்தில்பிரட்னிசலோன்ங்கற ஸ்டீராய்டை ஒரு நாளைக்கு ஒரு கிராம் வீதம் 3 நாள்ல இருந்து 5 நாள் வரைக்கும் குடுக்கறது நெசமான அட்டாக்குக்கு நல்ல மருந்துதான், சீக்கிரம் எந்திரிக்க வெக்கும். தினசரி சோர்வுக்கு அது மருந்தே இல்ல. போட்டதும் ரெண்டு நாள் தெம்பா இருக்கறது ஸ்டீராய்டோட குணம், யாருக்குப் போட்டாலும் அப்படித்தான் இருக்கும். சக்கரை ஏறும், எலும்பு தேயும், தூக்கம் கெடும். இனிமே உங்க நரம்பு டாக்டர்கிட்ட ஒரு போன் பேசாம அந்த ஊசிக்குக் கை நீட்டாதீங்க.

ஆனா இதுக்கெல்லாம் காத்திருக்காம ஓடோணும்: ஒரு கண்ணு வலியோட மங்கினா, ஒன்னுக்கு அடைச்சுட்டா, முழுங்க முடியலைன்னா, ஓய்வெடுத்து ஒரு நாள் போயும் காலோ கையோ திரும்பலைன்னா, நல்ல காய்ச்சல் இருந்தா. இன்னொன்னு, சாயங்காலம் ஆனா கண்ணு இமை தொங்கறது, ரெட்டை ரெட்டையாத் தெரியறது, மெல்லறப்ப தாடை சோந்து போறது இருந்தா அத டாக்டர்கிட்ட தனியாச் சொல்லுங்க, அது மயஸ்தீனியான்னு வேற ஒரு நோயா இருக்கலாம், அதுவும் பொழுதோட ஏறற நோய்தான்.

மாத்திரை, லேகியம், ஆடிக்காத்து

நல்லா இருக்கற நாள்ல ஃப்யூமரேட் மாத்திரைய மிச்சம் புடிச்சிருக்கீங்க. மாத்திரை போட்டும் சோர்வு போகலையேன்னு கோவம் வேற. இங்க ஒரு தப்புக் கணக்கு இருக்குதுங்க. அந்த மாத்திரை சோர்வுக்கு இல்ல, அது இன்னிக்கு நடக்க வெக்காது, அடுத்த அட்டாக்கை வர உடாமத் தடுக்கும். ஊட்டுக்கு ராத்திரி காவல் மாதிரி, திருடன் வரலைன்னா காவல்காரன் சும்மா இருக்கான்னு அர்த்தமில்ல. காசு இடிக்குதுன்னா டாக்டர்கிட்ட நேரா கேளுங்க, விலை கம்மியான ஜெனரிக் இருக்குது, நீங்களா நாள் விட்டு நாள் போடாதீங்க. இந்த மாத்திரைக்கு அப்பப்ப ரத்தத்துல வெள்ளை அணு எண்ணிக்கை பாக்கோணும், அதையும் தவற உடாதீங்க.

பேக்லோஃபெனைத்தான் நான் சந்தேகப்படறேன். வெறைப்பு கொறையறது நல்லதுதான், ஆனா டோஸ் கொஞ்சம் அதிகமானா காலு தொளதொளன்னு ஆயிரும், சில பேருக்கு வெறைப்புதான் நிக்கவே ஆதாரமா இருக்கும். மத்தியான டோஸ் போட்டு ஒரு மணி நேரத்துல உங்களுக்குக் காலு கனக்க ஆரம்பிக்குதான்னு காலண்டர்ல குறிச்சுப் பாருங்க. ஆனா திடீர்னு நிறுத்தவே கூடாது, வலிப்பு வரைக்கும் போகும், டாக்டர் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் மாத்தோணும்.

லேகியம். ஆனி மாசம் ஆரம்பிச்சீங்க, ஆடி ஆவணி நல்லா இருந்துச்சு, பங்குனில உழுந்துட்டீங்க. அம்மிணி, ஆனி ஆடில நம்மூர்ல என்ன நடக்கும்? பாலக்காட்டுக் கணவாய்ல காத்து பூந்து வரும், உடுமலை பல்லடம் பக்கம் காத்தாடியெல்லாம் சுத்தும், கொடியில போட்ட துணி பறந்துட்டு போகும், மத்தியானத்துலயும் சில்லுன்னு இருக்கும். உங்களை நடக்க வெச்சது அந்தக் காத்துங்க, லேகியக்காரர் அதுக்குப் பில்லுப் போட்டிருக்காரு. நான் லேகியம்னாலே திட்டற ஆளு இல்ல, ஆனா என்ன சேத்திருக்குதுன்னு சொல்லாத எதையும், அதுவும் நோய் எதிர்ப்பைக் கூட்டும்னு சொல்லி விக்கறத, எம்.எஸ். இருக்கறவங்க சாப்பிடாம இருக்கறது நல்லது. உங்களுக்கு எதிர்ப்பு சக்தி கம்மியில்ல, அதுதான் தப்பான பக்கம் பாயுது.

சோர்வுக்குன்னே மாத்திரை கேட்டிருக்கீங்க. அமன்டடின், மொடாஃபினில், மெத்தில்ஃபெனிடேட்னு மூணை ரொம்ப வருஷமா எழுதிக் குடுத்துட்டு இருந்தோம், நானும் எழுதினேன். 2021ல அமெரிக்காவுல 141 பேர்கிட்ட இந்த மூணையும் வெத்து மாத்திரையையும் மாத்தி மாத்திக் குடுத்துப் பாத்த ஆராய்ச்சி வெளிவந்துச்சு, மூணுமே வெத்து மாத்திரையைவிடப் பெருசா ஒன்னும் செய்யல, தொந்தரவுதான் அதிகம். நடை வேகத்துக்கு ஃபாம்ப்ரிடின்னு ஒன்னு இருக்குது, சில பேருக்கு நல்லா வேலை செய்யும், ஆனா வலிப்பு வந்தவங்களுக்கும் கிட்னி கோளாறு இருக்கறவங்களுக்கும் ஆகாது, டாக்டர்கிட்ட கேட்டுப் பாக்கலாம். அதுக்கு முன்னாடி ரத்த சோகை, தைராய்டு, பி12, வைட்டமின் டி இந்த நாலும் ஒரு தடவ பாத்துருங்க. பொம்பளைங்க பாதிப் பேரு ரத்தம் இல்லாமயே ஓடிட்டு இருக்காங்க, பழியெல்லாம் எம்.எஸ். மேல உழுகுது.

என்ன மாத்தலாம்?

சுடுதண்ணிய நிறுத்துங்க, வெதுவெதுப்பு போதும். எண்ணெ தேச்சுக்கங்க, வேண்டாங்கல, குளிக்கறது பச்சைத்தண்ணிலயோ வெதுவெதுன்னோ இருக்கட்டும். மத்தியானம் ஒரு ஈரத்துண்டைக் கழுத்துல போட்டு ஃபேனுக்கு முன்னாடி பத்து நிமிஷம் உக்காருங்க, குளிந்த தண்ணி ஒரு டம்ளர் குடிங்க. வெளிநாட்டுல கூலிங் ஜாக்கெட் விக்கறாங்க, நம்மூர் வறண்ட வெயிலுக்கு ஈரத்துண்டே போதும். தண்ணியக் கொறைக்காதீங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா அவசரம் வர்றதுக்கு முன்னாடியே போயிட்டு வந்துருங்க, அப்படியும் அடக்க முடியலைன்னா அதுக்கும் மாத்திரை இருக்குது, வெக்கப்படாமக் கேளுங்க.

கெணத்துக் கணக்குலயே வேலையப் பிரிங்க. ராத்திரிச் சோத்துக்குக் காய் நறுக்கறது, மாவு பெசையறது, கொழம்பு வெக்கறது எல்லாம் காத்தாலயே முடிச்சா சாயங்காலம் சூடு பண்றது மட்டும்தான். காலு இழுத்ததுக்கு அப்புறம் உக்காராதீங்க, இழுக்கறதுக்கு முன்னாடி உக்காருங்க. நல்ல நாள் வந்துருச்சுன்னு ஊட்டையே கழுவி உடற பழக்கம் உங்களுக்கு இருக்குது, காலண்டர்ல தெரியுது, மூணு வட்டத்துக்கு அப்புறம் ஒரு பெருக்கல்.

தண்ணி விடற ராத்திரிக்கு ஊட்டுக்காரர் எந்திரிக்கட்டும். இதுல எனக்கு ரெண்டு பேச்சு இல்ல. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறதுக்குப் பதிலா குடத்தைத் தூக்கினா மாசத்துல மூணு நாள் பொண்டாட்டி நடப்பாங்கன்னு இந்தக் காலண்டரை வெச்சே காட்டுங்க.

ஒடம்பை அசைக்காம இருந்தா நல்லதுன்னு யாரோ சொல்லியிருக்காங்க. 1990கள் வரைக்கும் டாக்டர்களே அப்படித்தான் சொன்னோம், தப்பு. அளவான உடற்பயிற்சி நோயைக் கெளப்பறதில்ல, சோர்வையும் கொறைக்குது. வெடியக்காலம் குளிர்ச்சில 15 நிமிஷ நடை, வாரத்துல ரெண்டு மூணு நாள் காலுக்குப் பலம் ஏத்தற பயிற்சி, பிஸியோதெரபிஸ்ட் காட்டினபடி. பயிற்சி முடிஞ்சு அரை மணி நேரம் காலு கனத்தா பயப்படாதீங்க, உடம்பு குளிந்தா போயிரும். பாதத்தைத் தூக்கிப் புடிக்க லேசான ஸ்ப்ளின்ட் இருக்குது, ஷூவுக்குள்ள போட்டுக்கலாம். பின்னாடி பட்டை இல்லாத செருப்பைத் தூக்கிப் போடுங்க. ஸ்கூட்டி காத்தால ஓட்டலாம், பொழுதோட ஓட்டறது வேண்டாம், நிறுத்தறப்ப வலது காலை ஊன்ற வேண்டி வந்தா ஆபத்துதான், கம்பெனி வண்டில வாங்க.

வேலைய உடோணுமா?

அவசரப்பட்டு எழுதிக் குடுத்துராதீங்க. முதல்ல எடத்தை மாத்திக் கேளுங்க. உங்க செக்கிங் டேபிள் அயனிங் செக்‌ஷனுக்குப் பக்கத்துல, ஸ்டீம் பூரா உங்க மேலன்னு எழுதியிருக்கீங்க. அங்க இருந்து இருபது அடி தள்ளி ஃபேனடியில ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்து பாக்க உட்டா உங்க 4 மணி 6 மணியாகலாம். ஒன்னரை ஷிப்ட்ல இருந்து விலக்கு கேளுங்க, டாக்டர் சர்டிஃபிகேட்டோட எழுத்துல குடுங்க.

2016ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல சொன்ன 21 வகையில மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் பேரோட இருக்குது. அரசு வேலைல இருக்கறவங்களுக்கு நடுவுல ஊனம் வந்தா வேலைய உட்டு எடுக்கக் கூடாதுன்னு அந்தச் சட்டம் உறுதி குடுக்குது, தனியார் கம்பெனிக்கு அதே உறுதி அப்படியே இல்லைங்கறதையும் ஒளிக்காமச் சொல்லிடறேன், அதனால சண்டையா ஆரம்பிக்காம சூப்பர்வைசர்கிட்ட பேச்சா ஆரம்பிங்க. இ.எஸ்.ஐ. புடிக்கறாங்கன்னா, லீவு எடுக்கற நாளுக்கு வருஷத்துல 91 நாள் வரைக்கும் சம்பளத்துல 70 சதவீதம் கெடைக்கும், நீங்க இதுவரைக்கும் சம்பளமில்லாத லீவுதான் போட்டிருக்கீங்க. மருந்துக்கும் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரில கேளுங்க.

யூ.டி.ஐ.டி. கார்டுக்கு, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு, விண்ணப்பம் போடுங்க. ஊனம் 40 சதவீதமோ அதுக்கு மேலயோன்னு வந்தாத்தான் பெரும்பாலான சலுகை. தண்டுவட மரப்பு நோய் இருக்கறவங்களுக்குத் தமிழ்நாடு அரசு மாசம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருது, கலெக்டர் ஆபீஸ்ல மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல விசாரிங்க. சர்டிஃபிகேட் கேம்ப்புக்குக் காத்தால போனா உங்களுக்குக் கம்மியாத்தான் மார்க் உழுகும், அதனால காலண்டரையும் டாக்டர் லெட்டரையும் கையோட கொண்டுபோங்க. மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா 1985ல இருந்து இருக்குது, சென்னையில கிளை இருக்குது, உங்களை மாதிரி இன்னொரு அம்மிணிகிட்ட போன்ல பேசக் கெடைக்கும்.

ராத்திரி அழுகறேன்னு ஒரு வரி எழுதி அத அடிச்சிருக்கீங்க, அடிச்சாலும் படிக்க முடிஞ்சுது. இந்த நோய்ல மனச்சோர்வு நெம்ப சகஜம், அது வேற சோர்வையும் ரெண்டு மடங்காக்கும், மருந்து இருக்குது, கவுன்சலிங் இருக்குது. 14416ங்கற அரசாங்க மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் காசில்லாம கூப்பிட்டுத் தமிழ்லயே பேசலாம். அடுத்த தடவ அந்த வரிய அடிக்காம எழுதுங்க.

தம்பி கல்யாணம், இணைச்சீர்

செய்யுங்க. அக்கா இருக்கறப்ப வேற யாரையாச்சும் நிக்க வெச்சா அது உங்களுக்குக் காலு வலியைவிடப் பெரிய வலி. வைகாசி வெயிலு, பட்டுச்சேலை, மேளம், ஒரம்பரைக் கூட்டம், ஹாலஜன் லைட்டு, எல்லாமே உங்க நரம்புக்கு ஆகாததுதான், அதனால அன்னிக்கு மத்தியானம் 1 மணில இருந்து 4 மணி வரைக்கும் கதவைச் சாத்திட்டுப் படுத்துக்கங்க, எந்தப் பெரியம்மா வந்து கூப்பிட்டாலும் எந்திரிக்காதீங்க. அதுக்கு முந்தின ராத்திரி தண்ணி விடற நாளா இருக்குதான்னு இப்பவே எண்ணிப் பாத்துருங்க. சேலை கட்டறதுக்கு முன்னாடி பச்சைத்தண்ணில குளிங்க, கனமான பட்டுக்குப் பதிலா லேசான பட்டா எடுங்க. சீரை நடத்தி வெக்கற அருமைக்காரர்கிட்ட தம்பிய உட்டு முன்னாடியே சொல்லி வைங்க, சீருக்கு நடுவுல நிக்கற நேரத்தைக் கொறைச்சு உங்களுக்கு ஒரு மணை போடச் சொல்லுங்க, அவங்களுக்குத் தெரியாத மொறை இல்ல, மாசமா இருக்கற அக்காமாருக்கு அப்படித்தானே போடறாங்க. கூடையத் தூக்கிட்டு நிக்கறப்ப உங்க பொண்ணைப் பின்னாடி ஒரு ஈரக் கைக்குட்டையோட நிக்க வைங்க, கழுத்துல ஒத்தறதுக்கு. போட்டோக்காரர் இன்னொரு தடவ நில்லுங்கம்பாரு, நிக்காதீங்க.